முன் வால்வு

திங்கட்கிழமை காலையில் என் கடைப்படி ஏறி வந்த பெண் கேட்ட முதற் கேள்விக்கே நான் பொய் சொன்னேன்.

"அண்ணை, ஒரு றேடியோவிலை ஒரே இடத்திலை ரெண்டு ஸ்ரேசன் வருமோ?"

"மற்றவையள் திருத்தின றேடியோவிலை வரும். நான் திருத்தினதிலை வராது."

யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது. என் வேலையைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் நாக்கு முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடும். மூளை பிறகு ஆறுதலாக வந்து சேரும். 1943ஆம் ஆண்டு கொட்டாஞ்சேனையில் றேடியோ திருத்துகிறவர்கள் நான்கு பேர் இருந்தோம். மற்ற மூன்று பேரும் றேடியோவின் தலையில் தட்டிப் பார்க்கிறவர்கள். நான் தட்டுவதில்லை. கொன்ஸ்ரன்ரைன் திருத்தினால் திருத்தினதுதான் என்று என்னைப் பற்றி ஊரெல்லாம் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் நான்தான்.

அவளுக்கு முப்பது வயது இருக்கும். வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறித் தனியே வந்திருந்தாள். நெற்றியில் பொட்டு பெரிதாக இருந்தது. யாரோ வைக்க வேண்டாம் என்று சொல்லி, அதற்காகவே பெரிதாக வைத்த பொட்டு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"நான் மயிலம்மா. கிளாக்கர் விசுவலிங்கத்தாரின்ரை தம்பி பெண்சாதி. தை மாதம் எங்கட வீட்டு றேடியோவை நீங்கள்தான் திருத்தினனீங்கள்."

தை மாதம், வெள்ளவத்தை, கிளாக்கர். எந்தச் செட் என்று உடனே ஞாபகம் வந்தது. முகத்தில் காட்டாமல் முக்காலியை இழுத்துப் போட்டேன். அவள் இருக்கவில்லை, நின்றபடியே பேசினாள்.

"நல்லாத்தானே பாடுது?"

"பாட்டெல்லாம் பாடுது," என்றாள். "ஆனா என்னை விதவையாக்கிப் போட்டுது."

அவள் புருஷன் மலாயாவில், சிரம்பான் ரெயில் நிலையத்தில் வேலை. சிங்கப்பூரை யப்பான்காரன் பிடித்து இப்போது பதினேழு மாதம். அன்றிலிருந்து ஒரு கடதாசி, ஒரு தந்தி இல்லை. யாழ்ப்பாணத்தார் வீடுகளில் அந்த நாட்களில் இது புதுக் கதை அல்ல. வீட்டுக்கு ஒருவர் மலாயாவில் இருந்தார். அவர்களைப் பற்றி ஏதும் அறிய ஒரே வழிதான் இருந்தது. புதன்கிழமைகளில் பின்னேரம் ஆறு மணிக்குச் சிங்கப்பூர் நிலையம், அங்கே அகப்பட்டுக் கிடக்கும் தமிழர் தங்கள் வீட்டாருக்குச் சொல்லும் செய்திகளை வாசிக்கும். ஒரே பட்டியலை அடுத்தடுத்த இரண்டு புதன்கிழமையும் வாசிப்பார்கள். எதிரியின் நிலையம் என்பதால் கேட்பது பொலிசுக்குத் தெரிந்தால் வில்லங்கம். எல்லாரும் யன்னலைச் சாத்திவிட்டுக் கேட்டார்கள்.

போன புதன்கிழமையும் அவர்கள் அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். சிங்கப்பூர் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு விசில் சத்தம் வந்து, குரல் மங்கி, பிறகு இன்னொரு தடவை தெளிந்தது. தெளிந்தபோது ஒருவர், மலாயாவிலும் பர்மாவிலும் இருந்து வரும் வழியில் இறந்துபோனவர்களின் பெயர்களை வருத்தத்தோடு அறிவிப்பதாகச் சொன்னார். இரண்டு மூன்று பெயர் வந்தது. திரும்பவும் விசில். திரும்பவும் தெளிந்தது. அப்போது வந்த பெயர் அவள் புருஷனுடையது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை, ஒரே இரைச்சல்.

"என்ன பேர் வாசிச்சவை?" என்று கேட்டேன்.

அவள் மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து, என் சிட்டைப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதினாள். சங்கரப்பிள்ளை அருளம்பலம். புருஷன் பெயரை வாயால் சொல்கிற வழக்கம் அவர்களிடம் இல்லை. அவர் செத்துப்போனார் என்று ஊரே சொன்ன பிறகும் அவள் அதை மாற்றவில்லை.

"முதல் கதைச்சவர் மூக்காலை கதைச்சவர் அண்ணை. இவரின்ரை பேரைச் சொன்னவருக்கு வேறை குரல். நான் சொல்லிப் பாத்தன். றேடியோ இரையேக்கை எல்லாக் குரலும் அப்பிடித்தான் கேக்கும், மனசு ஏத்துக்கொள்ளாமல் கதைக்கிறாய் எண்டு பெரியத்தான் சொல்லுறார்."

பெரியத்தான் என்று அவள் சொன்னது புருஷனின் தமையன் விசுவலிங்கத்தை. அவர் கெட்ட மனுஷன் அல்ல. தம்பியின் பெயரைக் கேட்ட அன்று சாப்பிடாமல் அழுதாராம். ஆனால் அலுவலக எழுத்து வேலையில் ஊறிய கிளாக்கர், அறிவித்தல் வந்துவிட்டால் அதன்படி நடக்க வேண்டும் அவருக்கு. உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லால் ஒரு உருவம் கட்டி, அதை எரித்துக் காரியம் செய்வார்கள். தம்பியின் ஆவி அந்நிய தேசத்தில் அலையக்கூடாது என்று ஐயரிடம் நாள் கேட்டுவிட்டார். வியாழக்கிழமை. அன்றைக்கே இவள் தாலியும் கழற்ற வேண்டும்.

"புதன்கிழமை அந்தப் பட்டியலைத் திருப்பி வாசிப்பினம். அதையும் கேட்டிட்டு முடிவெடுப்பம் எண்டு காலிலை விழாத குறையாக் கேட்டு வைச்சிருக்கிறன். ஆனா இதே றேடியோவிலை இதே மாதிரிக் கேட்டால் என்ன பிரயோசனம்? அதுதான் உங்களிட்டை வந்தனான். வருமோ, வராதோ? உண்மையைச் சொல்லுங்கோ."

அவள் கண் கலங்கியிருக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்க முடியாமல் போனது. அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லித் தப்பியிருப்பேன்.

"வரும்," என்றேன். "வந்ததுக்குக் காரணமும் நான்தான்."

றேடியோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நல்ல செட் ஒன்றின் வாசலில் ஒரு வால்வு இருக்கும். அதை நான் முன் வால்வு என்பேன். அதுவும் அதனோடு சேர்ந்த கம்பிச் சுருளும், வானத்தில் வருகிற நூறு நிலையங்களில் நாம் கேட்ட ஒன்றை மட்டும் உள்ளே விட்டு மற்றவற்றை வெளியே நிறுத்தும். அதற்கு அடுத்த வால்வுக்குக் கழித்தல் கணக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு எண் உண்டு, செட்டும் தானே ஒரு எண்ணை உண்டாக்கும். வருகிற நிலையத்துக்கும் அந்த எண்ணுக்கும் இடையே குறித்த வித்தியாசம் இருந்தால் அந்த வால்வு ஏற்றுக்கொள்ளும். நிலையம் அந்த எண்ணுக்குக் கீழே நிற்கிறதா மேலே நிற்கிறதா என்று அதற்குத் தெரியாது. பத்துக்கும் எட்டுக்கும் வித்தியாசம் இரண்டு. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இரண்டுதான். எட்டைக் கேட்கிறவனுக்குப் பன்னிரண்டும் சேர்ந்து கேட்கும். வாசலில் நிற்கிற முன் வால்வு பன்னிரண்டை உள்ளே விடாமல் மறித்தால்தான் மானம் தப்பும்.

தை மாதம் கிளாக்கர் வீட்டுச் செட்டில் எரிந்துபோனது அந்த முன் வால்வு. யுத்தத்தில் ஆட்களுக்கு அரிசியே கூப்பனுக்குத்தான், வால்வுக்கு எங்கே போவது? நான் அந்த வால்வைக் கழற்றிவிட்டு, ஒரு சின்னக் கண்டென்சரைப் பொருத்தி, ஏரியலில் வருவது நேரே அடுத்த வால்வுக்குப் போகும்படி செய்தேன். சத்தம் வந்தது. பாட்டு வந்தது. முதுகுப் பலகையைப் பூட்டிவிட்டு, "சரியாக்கிப் போட்டன் ஐயா," என்று சொல்லி வந்துவிட்டேன். வாசலில் காவல் இல்லை என்று சொல்லவில்லை. சொன்னால் கொன்ஸ்ரன்ரைனாலும் முடியவில்லை என்றாகிவிடும்.

இதையெல்லாம் மயிலம்மாவிடம் சொன்னேன். முழுவதும் விளங்கியதோ தெரியாது. வேண்டியது விளங்கியது.

"அப்ப, செத்த ஆக்களின்ரை பட்டியல் வேறை ஸ்ரேசன். சிங்கப்பூர் வேறை ஸ்ரேசன்."

"ஓம். செத்த பட்டியல் இந்தியாப் பக்கத்து ஏதோ ஸ்ரேசன் வாசிச்சிருக்கும். ரெண்டும் ஒரே இடத்திலை விழுந்து, ஒண்டு மங்கேக்கை மற்றது எழும்பியிருக்குது."

"இவரின்ரை பேர் எதிலை வந்தது?"

அதுதான் கேள்வி. சிங்கப்பூரில் வந்திருந்தால் ஆள் உயிரோடு இருக்கிறார். மற்றதில் வந்திருந்தால் இல்லை.

"அது எனக்குத் தெரியாது தங்கச்சி. புதன்கிழமை ரெண்டையும் பிரிச்சுத் தாறன். ஆனா பிரிச்ச பிறகு எந்தப் பக்கம் வந்தாலும் என்னைப் பேசக்கூடாது."

"பேசமாட்டன்," என்றாள். "எனக்கு இந்த நடுவிலை நிக்கிறதுதான் ஏலாமல் கிடக்குது."

*

வாக்குக் கொடுப்பது லேசு. வால்வுக்கு என்ன செய்வது? கொட்டாஞ்சேனை முழுக்கத் தேடினேன். என் தொழில்காரர் மூவரிடமும் போய்ப் பல்லைக் காட்டினேன். ஒருவனிடம் இருந்தது, தர மறுத்தான். அவனைப் பற்றி நான் சொல்லியிருந்ததெல்லாம் அவன் காதுக்குப் போயிருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம்தான் கிராண்ட்பாஸ் புவாத்தின் ஞாபகம் வந்தது.

புவாத்துக்குத் தேத்தண்ணிக் கடை. அங்கே ஒரு சின்ன றேடியோ இருந்தது. மட்டமான செட், முன் வால்வே இல்லாதது. ஆனால் அதன் நடுவில் இருந்த வால்வு எனக்கு வேண்டிய அதே இனம். பின்னேரச் செய்திக்காகவே அந்தக் கடையில் நாற்பது பேர் கூடுவார்கள். வால்வைப் பிடுங்கினால் செட் ஊமை.

"என்ன மச்சான், என்ட கடய மூடச் சொல்றீங்களா?" என்றான் புவாத்.

"ஒரு நாளைக்கு. நாளைக்கு மட்டும்."

"நாளைக்கு எண்டு எடுத்த ஆக்கள் திருப்பித் தந்த சரித்திரம் ஈக்கா இந்த ஊர்ல?"

நான் விஷயத்தைச் சொன்னேன். பொதுவாக எனக்கு அரைவாசிதான் சொல்லிப் பழக்கம். அன்றைக்கு முழுவதும் சொன்னேன், கண்டென்சர் வரைக்கும். புவாத் கேட்டுக்கொண்டே கோப்பையைக் கழுவினான். கழுவி முடித்ததும் கையைத் துடைத்துவிட்டு, தானே போய் றேடியோவின் வயரைச் சுவரிலிருந்து இழுத்தான்.

"எடுங்க. நாளைக்குச் செய்திய நானே வாயால சொல்றன். வியாழக்கிழம வெள்ளென வால்வு இங்க ஈக்கணும். இல்லாட்டி உங்கட பேரையும் செய்தியில சேத்து வாசிப்பன்."

வால்வைப் பஞ்சில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தேன். வீட்டுக்குப் போகும்வரை அந்தப் பக்கம் யாரும் இடிக்காமல் நெஞ்சைக் கையால் மூடிக்கொண்டு நடந்தேன். பார்த்தவர்கள் கொன்ஸ்ரன்ரைனுக்கு நெஞ்சு நோ என்று நினைத்திருப்பார்கள். நோ இருந்தது உண்மைதான்.

*

புதன்கிழமை மூன்று மணிக்கு வெள்ளவத்தையில் ரெயிலால் இறங்கிவிட்டேன். விசுவலிங்கத்தார் அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். முற்றத்தில் சைக்கிள் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல ரலி சைக்கிள். முன்னால் டைனமோ விளக்கு. ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தார். மறுநாள் வீட்டில் செத்தவீட்டுக் காரியம் இருக்கிற மனுஷன் வேறு என்னதான் செய்வார்? மூலையில் ஒரு கட்டுத் தர்ப்பைப் புல் நனைத்து வைத்திருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அவரிடமும் ஒப்புக்கொண்டேன். நின்றபடியே, கண்ணைப் பார்த்து.

அவர் துணியைக் கீழே போட்டார். "காசு வாங்கிக்கொண்டு வால்வு இல்லாத றேடியோவைத் தந்தனீர். இப்ப வந்து, தம்பி உயிரோடை இருக்கலாம் எண்டு இந்தப் பிள்ளைக்கு ஆசை காட்டுறீர். நாளைக்கு அவள் ரெண்டாந்தரம் அழோணும். அதுக்கு ஆர் பொறுப்பு?"

"நான்தான் ஐயா."

அவர் உள்ளே போகும்படி தலையை ஆட்டினார்.

கண்டென்சரை வெட்டி எடுத்துவிட்டு வால்வைக் குத்தினேன். அதோடு முடிகிற வேலை அல்ல. முன் சுருளோடு சேர்ந்து ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திருப்பும்போது இரண்டு இடத்தில் சத்தம் கூடும். ஒன்று உண்மையான இடம். மற்றது அந்தப் பன்னிரண்டுக்காரனை வாவென்று கூப்பிடுகிற இடம். அவசரக்காரன் முதலில் கூடின இடத்தில் நிறுத்திவிடுவான். நான் மூங்கில் சீவிச் செய்த திருப்புளியால் திருப்பினேன். இரும்பு கிட்டப் போனாலே கணக்கு மாறிவிடும். முதற் தடவை நின்ற இடத்தை நான் நம்பவில்லை. போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, முதலிலிருந்து தொடங்கி, மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் ஒரே இடத்தில் நின்றது.

ஐந்தரைக்கு யன்னலைச் சாத்தினார்கள். மயிலம்மா ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு றேடியோவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். விசுவலிங்கத்தார் கதிரையில் இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்தது. நான் முள்ளைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தேன்.

ஆறு மணிக்கு ஒரு வாத்தியம். பிறகு ஒரு குரல். சுத்தமான குரல், கொஞ்சம் தடித்த குரல், மூக்கால் பேசவில்லை. விசில் இல்லை. பின்னால் வேறு யாரும் இல்லை. போன கிழமை வாசித்த செய்திகளைத் திரும்ப வாசிப்பதாக அவர் சொன்னார்.

முதற் பெயர் வந்தது. ஈப்போவிலிருந்து ஒருவர் சுன்னாகத்தில் உள்ள தாய்க்குச் சொல்கிறார், சுகம் என்று. இரண்டாம் பெயர். மூன்றாம் பெயர். எல்லாரும் சுகம், எல்லாரும் உயிரோடு. மயிலம்மா ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டே வந்தாள். இவள் ஏன் ஊரார் பெயரையெல்லாம் எழுதுகிறாள் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. ஏழு முடிந்தது. எட்டு முடிந்தது. ஒன்பதாவது பெயரில் குரல் மெல்ல மங்கத் தொடங்கியது. போன கிழமை விசில் வந்தது இப்படி மங்கிய இடத்தில்தான் இருந்திருக்கும். மற்றவன் வரவில்லை. வெறும் இரைச்சல்தான் கொஞ்சம் எழும்பியது. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து அதே தடித்த குரல் மெதுவாகத் திரும்பி வந்தது.

"வெள்ளவத்தை மயிலம்மாவுக்கு, சிரம்பானிலிருந்து சங்கரப்பிள்ளை அருளம்பலம் அறிவிப்பது. சுகமாக இருக்கிறேன். ரெயில்வேயில்தான் வேலை. பயப்பட வேண்டாம். அண்ணரிடம் இருக்கும் என் சைக்கிளை வாங்கிப் பத்திரமாக வைக்கவும்."

றேடியோ அடுத்த பெயருக்குப் போய்விட்டது.

விசுவலிங்கத்தார்தான் முதலில் வாயைத் திறந்தார். "பதினேழு மாசம்," என்றார். "பதினேழு மாசம் கழிச்சு ஒரு செய்தி சொல்ல விட்டிருக்கிறான். அதிலை சைக்கிளைக் கேக்கிறான் பாரும். ஆசியா முழுக்கக் கேக்கத்தக்கதா என்னைக் கள்ளனாக்கிப் போட்டான்." சொல்லிக்கொண்டே அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு நெடுநேரம் குலுங்கினார். எது அழுகை எது சிரிப்பு என்று பிரிக்க என்னிடமும் வால்வு இல்லை.

நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். அவ்வளவு ஆறுதல் என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை. அன்றைக்கு யாரும் என்னை அடித்திருந்தாலும் நன்றி சொல்லியிருப்பேன்.

மயிலம்மா எழுதுவதை நிறுத்தவில்லை. கண்ணீர் கொப்பியில் விழ விழப் பட்டியல் முடியும்வரை எழுதினாள். பதினான்கு பெயர். முடிந்ததும் நிமிர்ந்து, "அண்ணை, மற்றதையும் பிடியுங்கோ," என்றாள்.

"ஏன் தங்கச்சி? இனி என்னத்துக்கு?"

"பிடியுங்கோ. முழுசாத் தெரியோணும்."

கணக்குப்படி எவ்வளவு தூரம் மேலே போக வேண்டுமோ அவ்வளவு தூரம் முள்ளை நகர்த்தினேன். அங்கே இருந்தார், மூக்கால் பேசுகிற ஆள். இறந்தவர்களின் பெயரை வாசித்துக்கொண்டிருந்தார். மூன்று பேரும் எழுந்து நின்று கேட்டோம். யாரும் எழும்பச் சொல்லவில்லை. நாங்கள் கேட்டவரை அருளம்பலம் என்ற பெயர் அதில் இல்லை. அது முடிந்ததும் நான் றேடியோவை நிறுத்தினேன்.

மயிலம்மா முகத்தைத் துடைத்தாள். அடுப்படிக்குப் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

"எங்கட வீட்டிலை செய்த மாதிரி, முன் வால்வைக் கழட்டிப்போட்டு வேறை எத்தினை றேடியோ திருத்தினனீங்கள்?"

நாக்கு வழக்கம்போல முந்தப் பார்த்தது. இந்தத் தடவை பிடித்து வைத்தேன்.

"அஞ்சு."

"அதிலை மலாயாவிலை ஆக்கள் இருக்கிற வீடு?"

யோசித்தேன். யோசிக்க யோசிக்கச் சற்றுமுன் பட்ட ஆறுதல் எல்லாம் வடிந்தது. "பாமன்கடையிலை ஒண்டு. ஹெவ்லொக் டவுனிலை ஒண்டு."

அவள் பெயர்களை அடுத்த தாளில் படி எடுத்துக்கொண்டு, முதற் தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினாள். "இந்தச் செய்தியளைத் தபாலிலை எழுதேலாது. உடைச்சுப் பாப்பினம். வாயாலைதான் சொல்லோணும். யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு மெயில் ரெயில் கார்ட்மாரிட்டைச் சொல்லி அனுப்பலாம், பெரியத்தானுக்கு ஆக்களைத் தெரியும். நீங்கள் இந்த ரெண்டு வீட்டுக்கும் போங்கோ." பிறகு விசுவலிங்கத்தாரைப் பார்த்தாள். "பெரியத்தான், சைக்கிளைத் தாங்கோ."

அவர் சாவியை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார். அவள் அதை என் கையில் கொடுத்தாள்.

புறப்படுமுன் புவாத்தின் வால்வைக் கழற்றிப் பஞ்சில் சுற்றினேன். செட்டில் பழையபடி கண்டென்சரைப் பூட்டினேன். இந்தத் தடவை ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி றேடியோவின் நெற்றியிலேயே ஒட்டினேன்: முன் வால்வு இல்லை. இரண்டு நிலையம் ஒன்றாகக் கேட்கும். என் கையெழுத்தையும் போட்டேன்.

*

வியாழக்கிழமை விடிந்ததும் பாமன்கடைக்குப் போனேன். வால்வு சட்டைப் பையில் இருந்தது. புவாத் திட்டட்டும். சைக்கிளை மெதுவாகத்தான் மிதித்தேன். சொந்தக்காரன் உயிரோடு இருக்கிறான், கீறல் விழாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அது ஒரு சலூன். முன்னுக்குக் கடை, பின்னுக்கு வீடு. மாசி மாதம் அங்கே றேடியோ திருத்தினேன். கடைக்காரனின் தங்கை பாக்கியலெட்சுமியின் புருஷன் கிள்ளான் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கதவைத் தட்டினேன்.

பாக்கியலெட்சுமிதான் திறந்தாள். மாசி மாதம் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தபோது பச்சைச் சேலை கட்டியிருந்தாள். இப்போது வெள்ளை. நெற்றி வெறுமையாக இருந்தது. கைகளிலும் ஒன்றும் இல்லை.

"அண்ணன் இல்லீங்க," என்றாள். "றேடியோ பாக்க வந்தீங்களா? இனிமே அது வேண்டாங்க. போன புதன்கிழமை அதுலதான் சேதி சொன்னாங்க. சனிக்கிழமை காரியமும் செஞ்சாச்சு."

மயிலம்மாவைப் போல என் கடைக்கு வந்து கேள்வி கேட்க இவளுக்கு யாரும் இருக்கவில்லை. கேட்டாலும் நான் பொய்தான் சொல்லியிருப்பேன்.

"அம்மா," என்றேன், "உங்கட றேடியோவை நான் சரியாத் திருத்தேல்லை. பிழை விட்டனான். ரெண்டு ஸ்ரேசன் சேந்து கேட்டிருக்கும். நேற்று வேறை றேடியோவிலை பிரிச்சுக் கேட்டம். உங்கட வீட்டுக்காரரின்ரை பேர் என்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னதில் என்ன விளங்கியதோ தெரியாது. வாய் திறந்து, மூடிக்கொண்டது. அவளும் சொல்லிப் பழகாத பெயர். உள்ளே திரும்பிப் பார்த்தாள், சொல்ல ஆள் இல்லை.

நான் தாளை எடுத்தேன்; முதல் நாள் ஒரு பெயரைத் தவிர மற்றவை என் காதில் ஏறவில்லை, தாளைப் பிரித்துப் பார்க்கவும் பயந்திருந்தேன். மயிலம்மாவின் கண்ணீர் பட்டு இரண்டு இடத்தில் பென்சில் எழுத்து மங்கியிருந்தது. இந்தப் பெயர் இதில் இருக்க வேண்டும் என்று வேளாங்கண்ணி மாதாவை வேண்டிக்கொண்டேன்.

"நான் வாசிக்கிறன். இது உயிரோடை இருக்கிற ஆக்களின்ரை பட்டியல். உங்கட ஆளின்ரை பேர் வந்தால் தலையை மட்டும் ஆட்டுங்கோ."

ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவள் அசையாமல் நின்றாள். ஆறாவதை வாசித்தேன். ஏழாவதாக, "கிள்ளானிலிருந்து சுடலைமுத்து, பாமன்கடை பாக்கியலெட்சுமிக்கு," என்று வாசித்துவிட்டு நிமிர்ந்தேன்.

அவள் தலையை ஆட்டவில்லை. கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சுடலைமுத்து," என்று அவளே சொன்னாள்.